வயல் காடானது, ஒரு எண் மட்டும் மாறவில்லை

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1886-இல் உழவை நிறுத்தியபின் தானாகவே காடான கீஸ்கிராஃப்ட் நிலத்தை, மண்ணின் கார்பன் எப்படி மாறும் என்று கணக்கிடும் ரோத்-சி கணினி மாதிரியில் ஓட்டினேன். சருகின் கார்பன் மளமளவென்று வெளியேறியது. காட்டுச் சருகு அப்படி மட்காது.

மழைக் கணக்கைத் திருத்தினேன், களிமண் அளவைச் சரிபார்த்தேன். நான்கு நாள் போனதுதான் மிச்சம். மண்ணில் நெடுங்காலம் தங்கும் மட்குக் கார்பன் சரியாக வந்ததுதான் என்னைக் குழப்பியது. இந்த மாதிரியில் சருகு வேகமாகச் சிதைந்தாலும் மெதுவாகச் சிதைந்தாலும் அதில் மட்காகும் பங்கு ஒன்றே. அதனால் அந்த எண் பிழையைக் காட்டிக்கொடுக்காது.

அப்புறம்தான் எளிதில் சிதைவதற்கும் தாமதமாகச் சிதைவதற்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தேன். பயிர்நிலத்துக்கான 1.44 அப்படியே கிடந்தது! இலையுதிர் காட்டுக்கு 0.25. அதாவது, எளிதில் சிதையும் பங்கு 59 சதவீதமல்ல, 20தான். காடான ஆண்டுகளுக்கு மட்டும் மாற்றினேன், சரியாகிவிட்டது. அப்பாடா!