வீட்டுக்காரர் இறந்தபின் பிஎஃப் ஆபீசில் கேட்க வேண்டியது ஒன்றல்ல, மூன்று

கம்பெனியிலோ மில்லிலோ வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால், வீட்டில் பெரும்பாலும் பிஎஃப் பணத்தை வாங்கிக்கொண்டு அத்தோடு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். எங்கள் சித்தியும் அப்படித்தான், பென்ஷன் என்று ஒன்று இருப்பதே மூன்று வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, சித்தப்பா வேலை பார்த்த இடத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

சேர்ந்திருக்கும் பிஎஃப் பணத்துக்குப் படிவம் 20. மாதாமாதம் வரும் குடும்ப பென்ஷனுக்கு 10-டி. மூன்றாவது இன்ஷூரன்ஸ், அதற்கு 5-ஐஎஃப். இன்ஷூரன்ஸுக்குத் தொழிலாளி சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார், அதனால்தான் சம்பளச் சீட்டில் கண்ணில் படாமல் போகிறது. ஆனால் அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும். இப்போது மூன்றுக்கும் சேர்த்து ஒரே படிவம் உண்டு. இருந்தாலும் கொடுக்கும் முன் மூன்றையும் கேட்டிருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பென்ஷனுக்குப் பத்து வருஷம் சர்வீஸ் வேண்டுமே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது உயிரோடு ஓய்வு பெறுகிறவருக்கான கணக்கு. வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். மனைவிக்குக் குறைந்தது மாதம் 1,000 ரூபாய், சம்பளத்தையும் சர்வீஸையும் பொறுத்து அதற்கு மேலும் வரும். பிள்ளைகளுக்கு அம்மாவின் பென்ஷனில் 25 சதவீதம் தனியாக, ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு, 25 வயது வரை. மூத்தது வயது தாண்டினால் அடுத்த பிள்ளைக்குப் போகும். அம்மா மறுமணம் செய்துகொண்டால் அவருடைய பென்ஷன் நிற்கும், பிள்ளைகளுக்கு நிற்காது. மனைவி இறந்தால் கணவருக்கும் இதே உரிமை உண்டு, ஆண்கள் இதைக் கேட்பதே இல்லை.

சரி, காகிதங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ் (இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் தருவார்), ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் வயதுச் சான்று. இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், தள்ளினால் கட்டணமும் அலைச்சலும்தான்.

நம் ஊரில் உண்மையான தலைவலி இனிஷியல். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் எழுத்து, பிறகு ரேஷன் கார்டில் கணவர் பெயரின் எழுத்து, ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், பிஎஃப் பதிவில் மனைவி பெயரே வேறு எழுத்துக்கூட்டல் என்று ஆளுக்கொரு விதமாகக் கிடக்கும், அங்கேதான் மனு திரும்பி வரும். அதனால் முதலில் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டு அப்புறம் படிவத்தைத் தொடுங்கள். கம்பெனி மூடிவிட்டதென்றால், படிவத்தில் கம்பெனி கையெழுத்துக்குப் பதில் கெசட்டட் அதிகாரியின் கையெழுத்தோடு கொடுக்கலாம். புரோக்கருக்குக் கமிஷன் கொடுக்கத் தேவையே இல்லை, படிவம் இலவசம்.

கிராஜுவிட்டியை, அதாவது சர்வீஸுக்காகக் கம்பெனி தரும் பணிக்கொடையை, கம்பெனியிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஐந்து வருஷம் சர்வீஸ் வேண்டும் என்ற விதி இறப்புக்குப் பொருந்தாது, இதைச் சொல்லியே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பிஎஃப்பே இல்லாத, ஆதரவும் இல்லாத குடும்பம் என்றால் தமிழக அரசின் ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு இ-சேவையில் மனுப் போடலாம், 2023-ல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது.

பென்ஷன் வர ஆரம்பித்தபின் வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க மறந்துவிடாதீர்கள், மறந்தால் பணம் நின்றுவிடும். இன்னொன்று, இதைப் படிக்கும் நீங்களே வேலையில் இருக்கிறவர் என்றால், கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்ட நாமினேஷன் கல்யாணமானதும் செல்லாது. யுஏஎன் (உங்கள் பிஎஃப் கணக்குக்கான எண்) போட்டு நுழையும் பிஎஃப் தளத்தில் இன்றைக்கே மாற்றுங்கள், பத்து நிமிஷ வேலை.