கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் கடையை எப்படி ஓட்டுவது

போன ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தைய வாரம், காலை பத்தரை மணிக்கு எங்கள் ஹார்டுவேர் கடையின் பில்லிங் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எதிரே ஒரு பிளம்பர், கையில் அரை இஞ்ச் எல்போ. விலை கேட்கிறார். திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பார்கோடு இருக்கிறது, விலை இல்லை. இருபது வருஷமாக அதே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு எல்போவின் விலை சொல்லத் தெரியவில்லை. அப்பாவுக்கு போன மாத விலையும் சேர்த்தே மனப்பாடம்.

பெரிய இடங்களுக்கும் இதே கதைதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு நின்றுபோய், நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுத அட்டையாவது இருந்தது. நம் கடையில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

விலைப்பட்டியலில் தொடங்குங்கள். முழு ஸ்டாக்கையும் பிரிண்ட் எடுக்காதீர்கள், நாற்பது பக்கத்தை யாரும் புரட்டமாட்டார்கள். அடிக்கடி போகும் 200 சாமான் போதும், மாதம் ஒருமுறை எடுத்து கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிடுங்கள். இனி அடிக்கும் ஸ்டிக்கரில் பார்கோடுக்குக் கீழே விலையும் வரட்டும்.

அப்புறம் பில் புத்தகம். ஜிஎஸ்டி எண் போட்டு கார்பன் காப்பியோடு ஒன்று அச்சடித்து வையுங்கள், ஆனால் எண் வரிசை கம்ப்யூட்டர் பில்லோடு மோதாமல் தனியாக இருக்க வேண்டும், தனி வரிசை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில், ஜிஎஸ்டி பதிவு இல்லாத வாடிக்கையாளர் பில் வேண்டாம் என்றால், தனித்தனியாக எழுதாமல் நாள் முடிவில் மொத்தமாக ஒரே பில் போடலாம். கூட்டத்தில் இது பெரிய உதவி.

பற்று வரவுதான் உண்மையான தலைவலி. விலை தெரியாவிட்டால் கம்பெனி டீலரிடம் போனில் கேட்டுவிடலாம், யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை யாரிடம் கேட்பது? அன்றைக்கு ஒரு கொத்தனாரிடம் அவர் பாக்கியை அவரிடமே கேட்டேன். "நாலாயிரம் இருக்கும்ணே" என்றார். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் ஏழாயிரத்துச் சொச்சம். ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன், அவரும் என்னை நம்பித்தான் கணக்கு வைக்காமல் இருந்திருக்கிறார். இப்போது சனிக்கிழமைதோறும் பாக்கிப் பட்டியலை பிரிண்ட் எடுத்து டிராயரில் பூட்டி வைக்கிறேன்.

யுபிஐயும் நிற்கும், 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்கத் தடுமாறியது. கல்லாவில் சில்லறை வைத்திருங்கள். ஒரு வங்கியில் மட்டும் கோளாறு என்றால் இன்னொரு வங்கியின் க்யூஆர் அட்டை கைகொடுக்கும்.

பேக்கப் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தினமும் ராத்திரி பென்டிரைவில் தானாகப் பதிவாகிக்கொண்டிருந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் ஏப்ரலில் புது வருஷக் கணக்கு திறந்தபோது ஃபோல்டர் மாறிவிட்டது, பேக்கப்போ பழைய ஃபோல்டரையே ஆறு மாதமாக விடாமல் எடுத்திருக்கிறது! சர்வீஸ்காரர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுபோய் மூன்று நாள் கழித்துக் கணக்கை மீட்டுக் கொடுத்தார். அதனால் மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பென்டிரைவ் இரண்டு வேண்டும், ஒன்று கடையில், ஒன்று வீட்டில், மாற்றி மாற்றி. எப்போதும் செருகியே வைக்காதீர்கள். 2017இல் வந்த வானாகிரை போல, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் ஒன்று வந்தால், செருகியிருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும்.

யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடும், வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள்.

இதெல்லாம் தயார் என்றால், கூட்டமில்லாத ஒரு மத்தியானம் மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கையால் வியாபாரம் செய்து பாருங்கள். நாங்கள் செய்தபோது பட்டியல் இருந்தது, புத்தகம் இருந்தது, கூட்டிப் பார்க்கக் கடைப் பையன் போனை எடுத்தான், அதில் சார்ஜ் இல்லை. இப்போது ஒரு சோலார் கால்குலேட்டரை கல்லாவோடு சணல் கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறேன்.