பென் டிரைவில் ஓ.எஸ். ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. கொலுசுப் பட்டறையில் பில் போடும் கம்ப்யூட்டர், பிள்ளைகள் படித்து முடித்த பழைய லேப்டாப் என்று சேலத்தில் இன்னும் எத்தனையோ அதிலேயே ஓடுகின்றன. அவற்றில் விண்டோஸ் 11 அல்லது லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓ.எஸ். (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட ஒரு பூட்டபிள் பென் டிரைவ், அதாவது கம்ப்யூட்டரை அதிலிருந்தே தொடங்கவைக்கும் பென் டிரைவ் போதும். ஆனால் ஏற்காட்டு எஸ்டேட் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்காக இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன பிறகு அது பூட் ஆகவில்லை என்றால் பெரிய சங்கடம். சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைக் கிராமத்தில் ஐந்தாறு ஜி.பி. ஃபைலை மறுபடி இறக்குவது நடக்காத காரியம். கீழேயே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

முதலில், ஐ.எஸ்.ஓ. ஃபைலை (ஓ.எஸ். முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ், பலேனா எட்சர் மாதிரி ஒரு மென்பொருள் கொண்டு எழுத வேண்டும். வென்டாய் மட்டும் விதிவிலக்கு. அதை ஒரு முறை பென் டிரைவில் ஏற்றிவிட்டால், அப்புறம் எத்தனை ஐ.எஸ்.ஓ. வேண்டுமானாலும் சாதாரணமாகக் காப்பி செய்துகொள்ளலாம். இறக்கிய ஃபைல் முழுசாக வந்ததா என்றும் பாருங்கள். செவன்-ஜிப் இருந்தால் ரைட் கிளிக்கிலேயே ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் காட்டும். லினக்ஸ் மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வருவது தவறான டிரைவைத் தேர்ந்தெடுப்பதால்தான். எழுதத் தொடங்கினால் அந்த டிரைவில் இருந்தது அத்தனையும் போய்விடும். ரூஃபஸ் சாதாரணமாக எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைப் பட்டியலில் காட்டாது. நம்மைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். பென் டிரைவ் தெரியவில்லையே என்று யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கையும் காட்டச் சொல்லி டிக் போட்டு, மேலே வந்த பெயரைப் பார்க்காமல் ஸ்டார்ட் கொடுத்தால், கல்யாண போட்டோ இருக்கும் 1 டி.பி. டிஸ்க் அழிந்துவிடும். லினக்ஸில் டிடி கட்டளை அதைவிட மோசம், எதையும் கேட்காமல் எழுதிவிடும். என் வழக்கம் இதுதான்: மற்ற எல்லா டிரைவையும் கழற்றிவிட்டு, திரையில் தெரியும் ஜி.பி. அளவைச் சத்தமாகப் படித்த பிறகே ஸ்டார்ட்டை அழுத்துவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அடுத்தது, எந்தக் கம்ப்யூட்டரில் போடப்போகிறோம் என்று தெரியாமலே எழுதுவது. போன் செய்து, அந்த வீட்டாரை விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்று ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லுங்கள். பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) மோட் என்ற வரியில் யு.இ.எஃப்.ஐ. என்றிருந்தால் ரூஃபஸில் டிஸ்க்கைப் பிரிக்கும் முறையாக ஜி.பி.டி., லெகசி என்றிருந்தால் எம்.பி.ஆர். தேர்ந்தெடுக்க வேண்டும். இது மாறிப்போனால் பூட் மெனுவில் பென் டிரைவே தெரியாமல் போகலாம், நாம் பென் டிரைவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய லேப்டாப்கள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு லினக்ஸ் மின்ட்தான் நல்லது என்பது என் கருத்து.

புது லேப்டாப் என்றால் பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட்டை (அங்கீகாரம் இல்லாத ஓ.எஸ். தொடங்காமல் தடுக்கும் பயாஸ் வசதி) மாற்றியதும் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஃபைல்களை மறந்துவிட வேண்டியதுதான்.

விண்டோஸ் ஐ.எஸ்.ஓ.வைக் கையால் எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் பிரித்துப் போடுகிறவர்கள் ஒரு ஃபைலுக்கு 4 ஜி.பி. என்ற வரம்பில் மாட்டிக்கொள்வார்கள். உள்ளே இருக்கும் இன்ஸ்டால்.விம் என்ற ஃபைல் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. ரூஃபஸே இதைப் பார்த்துக்கொள்ளும்.

எழுதி முடித்ததும் சிலசமயம் ‘இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்கும். கேன்சல் கொடுங்கள். லினக்ஸ் பகுதியை அதற்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

கிளம்பும் முன் கைவசம் இருக்கும் வேறொரு லேப்டாப்பில் அதே பென் டிரைவைப் போட்டு, பூட் மெனு வழியாக முதல் திரை வரை கொண்டுபோய்ப் பாருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9. மின்ட் என்றால் மேலே போனதும் உடனே இன்ஸ்டால் கொடுக்காமல், லைவாக, அதாவது பென் டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, சவுண்ட், டச்பேட் மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டாரின் ஃபைல்களையும் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றிய பிறகு இன்ஸ்டாலைத் தொடுங்கள்.