எத்தனாலும் தண்ணீரும் 95.6 விழுக்காட்டில் ஏன் நின்றுவிடுகின்றன? வரைபடத் தாளில் ஒரு செய்முறை

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வேதிப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளும், சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர டிப்ளோமா படிக்கும் தம்பிகளும் ஒரே பாடத்தில்தான் திணறுகிறார்கள்: கொதிநிலை மாறாக் கலவை. பாடநூலில் ‘அசியோட்ரோப்’ என்று இருக்கும். கொதிக்கும்போது திரவத்திலும் ஆவியிலும் விகிதம் ஒன்றாகவே இருக்கும் கலவை அது.

இரண்டு திரவங்களின் கொதிநிலை வேறாக இருந்தால் காய்ச்சி வடித்துப் பிரித்துவிடலாம் என்று பள்ளியில் படித்திருப்போம். எத்தனால் 78.3 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இடையில் கிட்டத்தட்ட 22 டிகிரி. ஆனாலும் தண்ணீர் கலந்த எத்தனாலை எத்தனை உயரமான கோபுரத்தில் வடித்தாலும், சாதாரணக் காற்றழுத்தத்தில் எடையில் 95.6 விழுக்காட்டைத் தாண்டி அது மேலே வராது. அந்தக் கலவை 78.2 டிகிரியில் கொதிக்கும். தூய எத்தனாலின் கொதிநிலையைவிடவும் இது சற்றே குறைவு. எல்லாவற்றையும் விளக்கும் துப்பு இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செய்முறை முழுவதும் தாளில்தான். சிங்கப்பூரில் உரிமம் இல்லாமல் மதுவகை வடிப்பது குற்றம். அதைவிட முக்கியம், தூய எத்தனாலின் தீப்பற்றுநிலை ஏறக்குறைய 13 டிகிரி. நம்மூர் அறை வெப்பநிலை எப்போதும் அதற்கு மேல்தான், அதனால் திறந்த பாத்திரத்தின் வாயருகே உள்ள ஆவி எந்நேரமும் பற்றத் தயாராக இருக்கும். வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் யாரும் இதை முயலவே கூடாது.

படி 1: அச்சுகளை வரையுங்கள்

ஒரு வரைபடத் தாள், பென்சில், அளவுகோல் போதும். கிடை அச்சில் திரவத்திலுள்ள எத்தனாலின் மோல் பின்னம், நிலை அச்சில் ஆவியிலுள்ள எத்தனாலின் மோல் பின்னம். இரண்டும் 0 முதல் 1 வரை. மூலையிலிருந்து மூலைக்கு ஒரு மூலைவிட்டம் போடுங்கள். அந்தக் கோட்டின் மேல் எங்கே நின்றாலும் ஆவியும் திரவமும் ஒரே கலவை என்று பொருள்.

மோல் பின்னம் என்பது கலவையின் மொத்த மூலக்கூறுகளில் ஒரு பொருளுடைய மூலக்கூறுகளின் பங்கு. அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: எடையை அந்தப் பொருளின் மூலக்கூறு எடையால் (எத்தனாலுக்கு 46, தண்ணீருக்கு 18) வகுத்தால் மோல் கிடைக்கும். 100 கிராம் கலவையில் எத்தனால் 16.6 கிராம், தண்ணீர் 83.4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 16.6-ஐ 46-ஆல் வகுத்தால் 0.361 மோல், 83.4-ஐ 18-ஆல் வகுத்தால் 4.633 மோல். மொத்தம் 4.994. எத்தனாலின் பங்கு 0.072.

படி 2: புள்ளிகளை வையுங்கள்

ஒரு வளிமண்டல அழுத்தத்தில் அளந்து பாடநூல்களில் தரப்படும் மதிப்புகள் இவை. முதலில் திரவம், அடுத்து ஆவி, கடைசியில் கொதிநிலை.

0.019 – 0.170 – 95.5 டிகிரி
0.072 – 0.389 – 89.0
0.124 – 0.470 – 85.3
0.234 – 0.545 – 82.7
0.397 – 0.612 – 80.7
0.520 – 0.660 – 79.7
0.676 – 0.739 – 78.7
0.747 – 0.782 – 78.4
0.894 – 0.894 – 78.2

கையாலேயே ஒரு வளைகோட்டில் இணையுங்கள். தொடக்கத்தில் விறுவிறுவென்று எழும், பிறகு தளர்ந்து மூலைவிட்டத்தை நோக்கிச் சாயும், 0.894-இல் அதைத் தொட்டே விடும். அந்த இடத்தைத் தாண்டி மூலைவிட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கி, 1-இல் போய்ச் சேரும்.

படி 3: படிக்கட்டு போடுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. கிடை அச்சில் 0.072-இல் தொடங்கி நேரே மேலே போய் வளைகோட்டைத் தொடுங்கள். ஆவி 0.389. ஒரே கொதியில், எடையில் 16.6 விழுக்காடாக இருந்தது ஏறக்குறைய 62 விழுக்காடாகிவிட்டது. அந்த ஆவியைக் குளிர வைத்தால் அதே 0.389-தான் புதிய திரவம். அதனால் வளைகோட்டிலிருந்து கிடையாக மூலைவிட்டம் வரை வந்து, மறுபடி மேலே ஏறுங்கள். இப்போது 0.61 கிடைக்கும். அடுத்து 0.70, அதற்கடுத்து 0.755, பிறகு 0.787.

பென்சில் முனையிலேயே விஷயம் தெரியும். முதல் படியின் உயரம் 0.3-க்கு மேல், ஐந்தாவது படி 0.03 அளவுக்குத்தான். வளைகோட்டுக்கும் மூலைவிட்டத்துக்கும் நடுவே பென்சில் நுழைய இடமில்லாமல் போகும். 0.894-ஐ நெருங்க நெருங்கப் படிகள் சுருங்கிக்கொண்டே போகுமே தவிர, அதைத் தாண்டாது. காய்ச்சி வடித்தல் என்ற வேலையே ஆவியும் திரவமும் வேறு வேறு கலவையாக இருப்பதை நம்பித்தான் நடக்கிறது. இரண்டும் ஒன்றாகிவிட்டால் கொதிக்கும், ஆவியாகும், குளிரும், ஆனால் எதுவும் பிரியாது.

படி 4: காரணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. எத்தனால் அதிகமாக இருக்கும் கலவையில் ஒரு தண்ணீர் மூலக்கூறுக்குத் தன் இனத்தின் அந்தப் பிடி கிடைப்பதில்லை, ஆகவே அது எளிதில் தப்பி ஆவியாகிறது. ஒரு பொருளின் ஆவியழுத்தம் கலவையில் அதன் மோல் பின்னத்துக்கு ஏற்ப இருக்கும் என்பது ரௌல்ட் விதி. அது சொல்வதைவிட இங்கே ஆவியழுத்தம் கூடுகிறது. இதற்கு நேர்க்குறி விலக்கம் என்று பெயர்.

எவ்வளவு கூடினால் தண்ணீர் முந்தும்? 78.3 டிகிரியில் எத்தனாலின் ஆவியழுத்தம் 1 வளிமண்டலம், தண்ணீருக்கு ஏறக்குறைய 0.44. ரௌல்ட் விதிப்படி தண்ணீர் பின்தங்க வேண்டும். ஆனால் விதி சொல்வதைவிட ஏறத்தாழ 2.3 மடங்குக்கு மேல் அது தப்பினால், 1-ஐ 0.44-ஆல் வகுத்துப் பாருங்கள், எத்தனாலைவிடத் தண்ணீரே எளிதாக ஆவியாகும் பொருளாகிவிடும். எத்தனால் நிறைந்த முனையில் நடப்பது இதுதான். 0.894-க்கு அப்பால் வளைகோடு மூலைவிட்டத்துக்குக் கீழே போவதன் பொருளும் இதுவே. 0.96 மோல் பின்னக் கலவையை வடித்தால் மேலே வருவது 0.894-ஐ நோக்கிப் போகும். தூய எத்தனால் அடியில் தங்கும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஹைட்ரஜன் குளோரைடு −85 டிகிரியில் கொதிக்கும் வாயு. தண்ணீரோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எடையில் 20.2 விழுக்காடு அமிலம் உள்ள கலவை 108.6 டிகிரியில் கொதிக்கிறது, இரண்டின் தனிக் கொதிநிலையையும்விட அதிகம். இங்கே கொதிநிலை மாறாக் கலவை மேலே வராது, குடுவையில்தான் மிஞ்சும்.

படி 5: வெப்பமானியை மட்டும் நம்பாதீர்கள்

கொதிநிலை ஆடாமல் அசையாமல் நின்றால் அது தூய பொருள் என்று முடிவு கட்டிவிடுவோம். கொதிநிலை மாறாக் கலவையும் அப்படியே நிற்கும். அது சேர்மமல்ல என்பதைக் காட்ட ஒரு வழி, அழுத்தத்தை மாற்றுவது. அழுத்தம் மாறினால் கலவையின் விகிதமும் மாறும். சேர்மம் அப்படி மாறாது. ஆங்கிலேய வேதியியலாளர் ஹென்றி ராஸ்கோ 1860 வாக்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வைத்து இதைக் காட்டினார்.

படி 6: எப்படி உடைப்பது?

எத்தனால்–தண்ணீர் விஷயத்தில் அழுத்தத்தை 70 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இறக்கினால் கொதிநிலை மாறாக் கலவையே மறைந்துவிடும். காகிதத்தில் அழகான வழி. ஆனால் அந்த அழுத்தத்தில் எத்தனால் ஏறக்குறைய 28 டிகிரியில் கொதிக்கும். அதாவது நம் வரவேற்பறை வெப்பநிலை. மேலே வரும் ஆவியைத் திரவமாக்க அதைவிடக் குளிர்ந்த நீர் வேண்டும்; சிங்கப்பூர் வெயிலில் குளிர்கோபுரத்திலிருந்து வரும் தண்ணீரால் அது ஆகாது. தனியாகக் குளிரூட்ட வேண்டும், கோபுரமும் மிகப் பெரிதாக வேண்டும். நல்ல வழியென்று நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்று பெரும்பாலும் மூலக்கூறு சல்லடையைத்தான் பயன்படுத்துகிறார்கள். துளை 3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரை ஆயிரம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்), தண்ணீர் மூலக்கூறு ஏறக்குறைய 2.8, எத்தனால் ஏறக்குறைய 4.4. தண்ணீர் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், எத்தனால் தாண்டிப் போய்விடும்.

தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஆவியாகும் மூன்றாவது திரவம் ஒன்றைச் சேர்ப்பது பழைய வழி. முன்பு பென்சீன் சேர்த்தார்கள். அது புற்றுநோய் உண்டாக்குவதால் சைக்ளோஹெக்சேன் அந்த இடத்தைப் பிடித்தது. இதே தத்துவத்தை ஆய்வுக்கூடத்தில் கண்ணால் பார்க்க டீன்–ஸ்டார்க் கருவி இருக்கிறது, 1920-இல் வந்தது. ஈரமான பொருளை டொலுவீனோடு கொதிக்க வைப்பார்கள். டொலுவீன் தனியாக 110.6 டிகிரியில் கொதிக்கும், தண்ணீரோடு சேர்ந்தால் ஏறக்குறைய 85-இல். குளிர்விப்பானிலிருந்து சொட்டுவது முதலில் பால்போல் கலங்கியிருக்கும். பிறகு கண்ணாடிக் குழாயில் சிறு மணிகளாகத் திரண்டு தண்ணீர் அடியில் இறங்கும், டொலுவீன் மேலே தெளியும், நிரம்பி வழிந்து குடுவைக்கே திரும்பும். தண்ணீர் மட்டம் ஏறுவது நின்றால் பொருள் காய்ந்துவிட்டது. மாணவர்கள் ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய காட்சி. கொதிநிலை மாறாக் கலவையை நம் பக்கம் வேலை செய்ய வைத்த கெட்டிக்காரத்தனம் அது.

படி 7: உங்கள் வீட்டுக் குளிர்சாதனத்தைப் பாருங்கள்

வெளிப்பெட்டியின் ஒட்டுச்சீட்டில் ஆர்-410ஏ என்று இருந்தால், அது ஆர்-32, ஆர்-125 இரண்டும் எடையில் சரிபாதி கலந்த குளிர்பொருள். முழுமையான கொதிநிலை மாறாக் கலவை இல்லை, ஆனால் மிக நெருங்கியது. அதனால் கசிந்தாலும் விகிதம் பெரிதாக மாறாது. ஆர்-407சி அப்படியல்ல. அதில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் கசியும், மிஞ்சுவது வேறு கலவையாகிவிடும். குளிர்பொருள் எண்களில் 400 வரிசை கொதிநிலை மாறும் கலவைகளுக்கும், 500 வரிசை மாறாக் கலவைகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. குளிர்கிடங்குகளில் பயன்படும் ஆர்-507 இரண்டாவது வகை.

பயிற்சி

10 விழுக்காட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொதிக்க வைத்தால் முதலில் எது அதிகம் வெளியேறும்? 37 விழுக்காட்டு அமிலத்தில்? படி 4-இல் உள்ள எண்ணை வைத்துத் தாளிலேயே யோசியுங்கள். முதலாவதில் தண்ணீர், இரண்டாவதில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு. இரண்டு குடுவைகளும் கடைசியில் ஒரே 20.2 விழுக்காட்டில் வந்து நிற்கும்.