வீட்டுப் பேச்சு எங்கே சரி, எங்கே சரியில்லை

பேச்சுத் தமிழ் வேறு, மரியாதைக் குறைவு வேறு. கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் காரைக்குடிப் பக்கம் வருகிற வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். "அவுக வந்தாக, சாப்பிட்டாக" என்பது முழுக்கப் பேச்சு வழக்கு. மரியாதைக்கு அதில் ஒரு குறையும் கிடையாது. "நீ எப்போது வருகிறாய்?" என்பது சுத்தமான எழுத்துத் தமிழ். அதை ஒரு பெரியவரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும். ஒருவரைப் பன்மையில் சொல்வதைத் தொல்காப்பியமே வழக்கினால் வந்த உயர்சொல் என்கிறது. இலக்கண நெறிப்பட்டதன்று என்றும் சேர்த்துச் சொல்கிறது. மரியாதையே பேச்சிலிருந்துதான் வந்திருக்கிறது. அதனால் மரியாதைக்காக மேடைத் தமிழ் பேச வேண்டாம்.

அடுத்தது முறை. எங்கள் வீடுகளில் வயதை மட்டும் பார்த்தால் போதாது. உங்களைவிடச் சின்னவராக இருந்தாலும் சித்தப்பா முறை என்றால் "நீங்க"தான். ஆத்தாவிடம், அதாவது அம்மாவிடம், "நீ" என்று உரிமையாகப் பேசுகிற பிள்ளைகூட அப்பச்சியிடம், அதாவது அப்பாவிடம், "நீங்க" என்பான். மச்சானைக் கேலி பண்ணலாம். அதே கேலியை அவருடைய அப்பச்சி காதில் விழும்படி பண்ணக்கூடாது. முறை தெரியாவிட்டால் "நீங்க"வில் தொடங்குங்கள். ஒத்த வயதுக்காரர், "என்ன நீங்க நாங்கன்னுக்கிட்டு, சும்மா பேசு" என்றால் அப்புறம் இறங்கிக்கொள்ளலாம். "நீ"யில் தொடங்கிவிட்டு மேலே ஏறுவது கஷ்டம். பெரியவர் உங்களை "நீ, வா, போ" என்பது பாசம். அது உங்களுக்கும் சேர்த்துக் கொடுத்த அனுமதி ஆகாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். ஆத்தங்குடிக் கல் பதிக்க வரும் கொத்தனார், விசேஷத்துக்குச் சமைக்க வருகிறவர், தோட்ட வேலைக்கு வரும் அம்மா, இவர்களை வயதைக்கூடப் பார்க்காமல் "வா, போ" என்று கூப்பிடும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. "நம்ம வீட்டுப் பேச்சு அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அவர் திருப்பி உங்களை "வா, போ" என்று சொல்லமுடியாதபோது அதற்கு உரிமைப் பேச்சு என்று பெயர் வைக்கக்கூடாது. "வாங்கண்ணே, காபி குடிச்சிட்டு ஆரம்பிங்க" என்றால் வேலையும் நடக்கும், மனிதருக்கு மனிதர் முகம் பார்க்கவும் முடியும்.

எழுத்துக்கு வருவோம். கல்யாணப் பத்திரிகை அச்சில் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, "அவசியம் எல்லாரும் வந்துடணும்" என்று வாயால் சொல்லுங்கள். பத்திரிகையில் இருப்பதை வாசித்துக் காட்டினால் யார் மனதிலும் ஒட்டாது. மின்வாரியத்துக்கு மனு என்றால், "எங்கள் வீட்டிற்கு மூன்று நாட்களாக மின்சாரம் வரவில்லை. சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். "மேலான சமூகத்திற்கு" என்றெல்லாம் தேவையில்லை. அதை நேரில் கொடுக்கும்போது, "சார், மூணு நாளாக் கரண்டு இல்லீங்க" என்பதே சரி. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதுதான் படிக்கிறவரைத் தடுமாற வைக்கும். குடும்ப வாட்ஸ்அப்பில் பேசுகிற மாதிரியே எழுதலாம். அலுவலகக் குழுவில் மேலதிகாரி எப்படி எழுதுகிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

துக்க வீடு தனி. மற்ற நாளில் நீங்கள் முகப்பைத் தாண்டி, உள்முற்றம் இருக்கும் வளவுக்குள் போனால் இருக்கிற ஒவ்வொருவரும் "வாங்க" என்பார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பதில் சொல்லவேண்டும். கிளம்பும்போதும் "போறேன்" என்று சொல்லாமல், "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொள்ளவேண்டும். இப்படி மங்கலமாகச் சொல்வதை நன்னூல், ஒரு சொல்லுக்குப் பதில் தகுந்த வேறு சொல்லைச் சொல்லும் தகுதி வழக்கில் வைத்திருக்கிறது. சாவு வீட்டில் இந்த இரண்டும் கிடையாது. வரவேற்பை எதிர்பார்க்காதீர்கள், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடுங்கள். செய்தி அனுப்புவதானால், "ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்பது சங்கத்துக்கும் அலுவலகத்துக்கும் பொருந்தும். தகப்பனை இழந்த சிநேகிதிக்கு, "அப்பச்சிய நெனச்சுக்கிட்டே இருக்கேன். சனிக்கிழமை வர்றேன்" என்று எழுதுங்கள். அவளுக்கு அந்த நேரத்தில் வேண்டியது உங்கள் குரல்.

மேடையில் எழுத்துத் தமிழில் தொடங்கி, கதை சொல்லும் இடத்தில் பேச்சுக்கு இறங்குங்கள். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் மாதிரியான சபை என்றால் இறங்கிய வேகத்தில் ஏறவும் தெரிந்திருக்கவேண்டும்.

ஊர் திரும்பியதும் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே பாட்டியை ஆயா என்கிறோம். சென்னையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்தப் பெயர். சிநேகிதியின் பாட்டியைக் கூப்பிடும் முன்னால், அவர்கள் வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.