கிரிக்கெட் புதிதாக வேர்விடும் நாட்டில் தேசிய அணியை வளர்ப்பது எப்படி?

2023 மார்ச் 16 அன்று காட்மாண்டுவை ஒட்டிய கீர்த்திபூர் மைதானம் எப்படி இருந்தது என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். உட்கார இடம் கிடைக்காதவர்கள் சுற்றியிருந்த மரங்களில் ஏறித் தொத்திக்கொண்டிருந்தார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 310 அடித்துவிட்டது, அதில் ஆசிஃப் கான் 41 பந்தில் சதம். நேபாளம் துரத்திக்கொண்டே போய் 44 ஓவரில் 269 எடுத்திருந்தபோது வெளிச்சம் போய்விட்டது, மைதானத்தில் விளக்குக் கம்பமும் இல்லை, கடைசியில், ஆட்டம் பாதியில் நின்றால் யார் முன்னால் என்று கணக்கிடும் டக்வொர்த் லூயிஸ் முறைப்படி 9 ரன் வித்தியாசத்தில் நேபாளம் வென்றது. 50 ஓவர் சர்வதேச ஆட்டம் ஆடும் தகுதியான ஒருநாள் ஆட்ட அந்தஸ்தே போய்விடும் என்ற நிலையில் இருந்த அணி, கடைசி 12 ஆட்டங்களில் 11 வென்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குப் போனது.

இப்படி ஒரு நாளைப் பார்த்துவிட்டுத்தான் பல நாடுகளில் "நாமும் ஆரம்பிப்போம்" என்று கிளம்புகிறார்கள். கிளம்பட்டும், நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள்: முதலில் ஜெர்ஸி, அப்புறம் வெளிநாட்டுப் பயிற்சியாளர், அப்புறம் ஒரு சுற்றுப்பயணம். என் அனுபவத்தில் வரிசை வேறு. முதலில் பிட்ச், பிறகு உள்ளூர் ஆட்டங்கள், அதிலிருந்து அணி. வேலைக்காக ஜெர்மனி, ஜப்பான், போலந்து என்று போய், வார இறுதியில் கிளப் ஆட்டம் ஆடி, அப்படியே அங்குள்ள கமிட்டியில் பெயர் சேர்ந்துவிட்ட நம்மவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பிட்சுக்கும் முன்னால் ஒரு வேலை, ஆள் கணக்கு. கிளப்புகளில் ஆடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த மண்ணில் வளர்ந்தவர்கள், எத்தனை பேர் நம்மைப் போல வந்தவர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியின் விதிப்படி அந்த நாட்டில் பிறந்திருக்கலாம், குடியுரிமை இருக்கலாம், அல்லது தொடர்ந்து 3 ஆண்டு அங்கே வசித்திருக்கலாம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே ஆடலாம். 2019 ஜனவரி முதல் ஐசிசி உறுப்பு நாடுகள் ஒன்றோடொன்று ஆடும் ஆண்கள் டி20 ஆட்டங்களுக்கெல்லாம் சர்வதேச அந்தஸ்தும் கொடுத்துவிட்டார்கள். அதனால் முப்பது வயது தாண்டிய, ஊரில் டிவிஷன் கிரிக்கெட் ஆடிய பதினொரு பேரைச் சேர்த்து அடுத்த மாதமே நாட்டின் பெயரில் இறங்கிவிட முடியும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வேலை மாறினால் அந்தப் பதினொரு பேரும் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். வந்தவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை. கிளப்புகள் நிற்பதே அவர்களால்தான். அவர்களில் ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தைக் கையில் எடுத்துக்கொள்ளட்டும், வாரம் இரண்டு மாலை போதும்.

பிள்ளைகளை எங்கே தேடுவது என்பதற்குத் தாய்லாந்துப் பெண்கள் அணியைப் பாருங்கள். அங்கே கிரிக்கெட் தெரிந்த வீடே அபூர்வம். சாஃப்ட்பால் ஆடிக்கொண்டிருந்த பெண்களையும் சேர்த்துப் பழக்கினார்கள். பந்தைப் பிடிக்கவும் எறியவும் ஏற்கெனவே தெரிந்த கைகள் அவை. 2020ல் ஆஸ்திரேலியாவில் டி20 உலகக் கோப்பை ஆடினார்கள், பாகிஸ்தானுக்கு எதிராக 150 எடுத்தார்கள், மழை மட்டும் வராமல் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பெண்கள் அணியை "ஆண்கள் அணி ஒரு நிலைக்கு வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிவைக்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

சரி, பிட்சுக்கு வருவோம். இதில்தான் நான் கொஞ்சம் அதிகம் பேசப்போகிறேன், ஏனென்றால் பணமும் நேரமும் வீணாவது இங்கேதான்.

புல் பிட்ச் போட நல்ல களிமண் வேண்டும், ரோலர் வேண்டும், தண்ணீர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் தினமும் அதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும். ஆரம்பத்தில் இது கட்டுப்படியாகாது. கான்கிரீட் போட்டு மேலே கிரிக்கெட் பாய் (மேட்) விரியுங்கள். நீளம் 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர் என்பது ஸ்டம்புக்கு ஸ்டம்பு. செயற்கைத் தளத்துக்குச் சட்டப்படி குறைந்தபட்ச நீளம் 17.68 மீட்டர், அகலம் 1.83 மீட்டர். நான் இந்தக் குறைந்தபட்சத்தோடு நிறுத்த மாட்டேன். ஸ்பின்னர் அகலமாகப் போட்டுத் திருப்பும் பந்து ஓரத்தில் பட்டு எங்கேயாவது தெறித்தால், அந்தப் பையன் ஸ்பின்னையே விட்டுவிடுவான். அடியில் மண்ணை நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்துங்கள், ஜல்லி போடுங்கள், கான்கிரீட் ஊற்றியபின் வீட்டுத் தளத்துக்குச் செய்வதுபோல ஈரச்சாக்கு போட்டு மூன்று வாரமாவது தண்ணீர் விடுங்கள். அவசரப்பட்டு ஆட இறங்கினால் குட் லெங்க்த் இடத்தில்தான் முதலில் வெடிக்கும், ஏனென்றால் எல்லாப் பந்தும் அங்கேயே விழுகிறது. கான்கிரீட்டின் விளிம்பு சுற்றியுள்ள தரையோடு மட்டமாக இருக்கட்டும், மேலே எழும்பி நின்றால் ஓடிவரும் பௌலரின் கணுக்கால் போய்விடும்.

பாயை ஒருவர் மட்டும் விரிக்கக் கூடாது. நான் ஆடிய காலத்தில் நான்கு பேர் நான்கு மூலையில் நின்று, குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுப்போம். ஐந்தாவது ஆள் முட்டி போட்டு ஆணி அடிப்பார். முதலில் நீளவாக்கில் இரண்டு முனை, அப்புறம் பக்கவாட்டு. உள்ளங்கையைப் பாயில் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே போனால் எங்கே சுருக்கம் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். ஒரே ஒரு சுருக்கம் போதும், முழங்காலுக்கு வரவேண்டிய பந்து முகத்துக்கு வரும். ஆட்டம் முடிந்ததும் சுருட்டிக் கூரைக்கு அடியில் வையுங்கள், ஈரத்தோடு சுருட்டாதீர்கள். பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுத்து அவருக்கு ஒரு தொகையும் கொடுங்கள்.

பாயில் ஒரு குறையும் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும். பந்து எப்போதும் ஒரே உயரத்தில், இடுப்புக்கு, நம்பிக்கையாக எழும்பி வரும். அதில் வளர்ந்த பையன் பின்னங்காலில் நன்றாக ஆடுவான். அவனையே மெதுவான புல் பிட்சில் இறக்கினால், தாழ்வாக வரும் பந்துக்குக் காலைப் பின்னே வைத்து எல்பிடபிள்யூ ஆவான். அதனால் முதல் வருடம் பாய், மூன்றாம் வருடத்துக்குள் பயிற்சிக்காக ஒரே ஒரு புல் தளமாவது. அதுவும் முடியாதென்றால் வருடத்துக்கு ஒரு முறை பக்கத்து நாட்டுக்குப் பதினைந்து நாள் போய்விட்டு வாருங்கள். 2024 ஆகஸ்டில் நேபாள அணி பெங்களூரில் உள்ள தேசிய கிரிக்கெட் அகாடமிக்கு வந்து பயிற்சி எடுத்தது. ஆப்கானிஸ்தானோ சொந்த நாட்டில் பெரிய அணியை வரவழைக்கவே முடியாமல் ஷார்ஜா, கிரேட்டர் நொய்டா, டேராடூன் என்று கடன் வாங்கிய மைதானங்களிலேயே வளர்ந்தது. 2008ல் ஜெர்சித் தீவில் உலக கிரிக்கெட் லீக்கின் கீழ்நிலைப் பிரிவான ஐந்தாம் டிவிஷன் ஆடிய அணி, 2023 அக்டோபரில் நம்ம சேப்பாக்கத்தில் பாகிஸ்தானை 8 விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தது. மைதானம் சொந்தமாக இல்லை என்பதைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.

அடுத்தது ஆட்டங்கள். இதில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்று கென்யாவைக் கேளுங்கள். 1996ல் புனேயில் வெஸ்ட் இண்டீஸை 93க்குச் சுருட்டினார்கள். 2003ல் நைரோபியில் இலங்கையைத் தோற்கடித்து, உலகக் கோப்பை அரையிறுதி வரை போனார்கள். டெஸ்ட் அந்தஸ்துக்கு அடுத்தது கென்யாதான் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் அவர்களின் முன்னணி மட்டையாளர் ஸ்டீவ் டிகோலோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்க ஆள் தயாராகவில்லை. சம்பளத் தகராறு, 2004ல் வீரர்களின் வேலைநிறுத்தம், சூதாட்டத் தரகர் தொடர்புக்காக மாரிஸ் ஒடும்பேவுக்கு ஐந்தாண்டுத் தடை, நிர்வாகத்தில் ஊழல் புகார் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2014ல் ஒருநாள் அந்தஸ்தும் போயிற்று. அந்த அணியை நேசித்தவன் என்பதால் சொல்கிறேன், அரையிறுதிக்குப் போன அடுத்த வாரமே தொடங்கியிருக்க வேண்டிய வேலை பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கான போட்டி.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். தேசிய அணிக்கு யோசிக்கும் ஒவ்வொருவரும் ஒரு சீசனில் குறைந்தது இருபது போட்டி ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், நெட் பயிற்சி இந்தக் கணக்கில் வராது. அதில் பாதி 50 ஓவர் ஆட்டமாக இருக்கட்டும். டி20 மட்டும் ஆடுகிற பௌலருக்குத் தன் இரண்டாவது ஸ்பெல், அதாவது இடைவெளி விட்டு மறுபடி பந்து வீச வரும் ஓவர்கள், எப்படி இருக்கும் என்றே தெரியாது. கிளப் அணிகள் போதாதென்றால் நாட்டை நான்கு வட்டாரமாகப் பிரியுங்கள். வட்டார அணி ஒவ்வொன்றிலும் 19 வயதுக்குட்பட்ட இரண்டு பேர் கட்டாயம் என்று விதி போடுங்கள். ஸ்கோர் புத்தகத்தை ஒழுங்காக எழுதிவையுங்கள், தேர்வுக் கூட்டத்தில் பேச வேண்டியது அதுதான்.

அப்புறம் சோறு. இருபத்திரண்டு வயதில் ஒருவன் கிரிக்கெட்டை விடுவது பெரும்பாலும் வீட்டு வாடகைக்காக. நேபாளத்தில் ராணுவம், காவல்துறை, ஆயுதப் போலீஸ் படை மூன்றுக்கும் அணி உண்டு, தேசிய வீரர்கள் பலர் அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள். நம்மூரில் ரயில்வே, வங்கி வேலை கொடுத்து ஆளை ஆட வைத்ததுபோலத்தான். உங்கள் நாட்டில் அப்படி ஒரு துறையைத் தேடுங்கள், விளம்பரதாரருக்கு அலைவதைவிட இது நிற்கும்.

நிர்வாகம் பற்றிச் சுருக்கமாக. நேபாளச் சங்கத்தை அரசுத் தலையீடு காரணமாக 2016ல் ஐசிசி இடைநீக்கம் செய்து, 2019ல்தான் திரும்பச் சேர்த்தது. அந்த மூன்றாண்டு நடுவில்தான் வீரர்கள் ஒருநாள் அந்தஸ்தையே வாங்கினார்கள் என்பது அவர்களின் பெருமை, நிர்வாகத்தின் பெருமை இல்லை. வருடாந்திரக் கணக்கைத் தணிக்கை செய்து வெளியிடுங்கள், தேர்தலைக் குறித்த தேதியில் நடத்துங்கள், தேர்வாளர் தன் மகன் பெயர் வரும்போது அறையை விட்டு வெளியே போகட்டும்.

பயிற்சியாளரை இப்போது தேடலாம். பெரிய பெயர் வேண்டாம், தங்குகிற ஆள் வேண்டும். இலங்கைக்காக டெஸ்ட் ஆடி, பின்னர் கனடாவுக்கும் ஆடிய புபுது தசநாயக்க 2011ல் நேபாளத்துக்கு வந்தார். அதே உலக கிரிக்கெட் லீக்கில் 2012ல் நான்காம் டிவிஷன், 2013ல் மூன்றாம் டிவிஷன் வென்று, 2014ல் வங்கதேசத்தில் டி20 உலகக் கோப்பை. படிப்படியாக ஏறினார்கள்.

நீங்கள் தேடும் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது, நெருக்கடிக்கு எப்படிப் பழக்குவீர்கள் என்று. சின்ன நாட்டுக்கு ஒரே ஆட்டத்தில் அடுத்த சில வருடத்துப் பணமும் போட்டிகளும் போய்விடும். 2018 பிப்ரவரியில் நமீபியாவின் விண்ட்ஹோக்கில் கனடாவுக்கு எதிராக நேபாளத்துக்குக் கடைசி விக்கெட்டுக்கு 51 ரன் வேண்டியிருந்தது. கரண் கேசி ஆட்டமிழக்காமல் 42, மறுமுனையில் பதினேழு வயது சந்தீப் லாமிச்சானே, கடைசிப் பந்தில் வெற்றி. அது இல்லையென்றால் ஒருநாள் அந்தஸ்துக்கான கதவே திறந்திருக்காது. ஆகவே வாரத்தில் ஒரு நாள் பத்தாவது, பதினோராவது ஆட்டக்காரர்களை மட்டும் இறக்கி, புதுப் பந்து கொடுத்து, "முப்பது ரன், இருபது பந்து" என்று ஆட விடுங்கள். மற்றவர்கள் எல்லைக்கோட்டில் நின்று கத்தட்டும்.

இவ்வளவு செய்தும் தோற்பீர்கள். 2024 டி20 உலகக் கோப்பையில் கிங்ஸ்டவுனில் தென்னாப்பிரிக்கா 115, நேபாளம் 114. கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும், மட்டையில் படவில்லை, ஓடினார்கள், குல்சன் ஜா ரன் அவுட். அதற்கு அடுத்த வருடம் செப்டம்பரில் ஷார்ஜாவில் அதே நேபாளம் வெஸ்ட் இண்டீஸை டி20 தொடரில் 2-1 என்று வென்றது. ஒரு ரன்னில் தோற்ற மறுநாள் பயிற்சியாளரை மாற்றச் சொல்லிக் கமிட்டியில் குரல் எழும், ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடைசி ஓவர் வீடியோவை எடுத்துக்கொண்டு பையன்களோடு உட்காருங்கள். அடுத்த சனிக்கிழமை பதினைந்து வயதுக்காரர்களின் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் காலை ஏழு மணிக்குப் பாய் இழுக்க நான்கு பேர் வருவார்களா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.