ஒரு வார வெளிநாட்டுப் பயணம்: டிக்கெட் எடுப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

வெளிநாட்டுப் பயணத்துக்கு பட்ஜெட் போடச் சொன்னால் பலரும் விமான டிக்கெட்டையும் ஹோட்டல் வாடகையையும் கூட்டி, "கைச்செலவுக்குக் கொஞ்சம்" என்று ஒரு தொகையைச் சேர்த்து முடித்துவிடுவார்கள். என் முதல் பயணத்தில் நானும் அதைத்தான் செய்தேன். திரும்பி வந்து கூட்டிப் பார்த்தபோது அந்தக் "கொஞ்சம்" ஹோட்டல் பில்லையே தாண்டியிருந்தது.

அதனால் இங்கே தலைகீழாகப் போவோம். அங்கே போய் இறங்கியதும் ஒரு நாளைக்குக் கையில் எவ்வளவு நிற்கும் என்பதை முதலில் கண்டுபிடிப்போம். அந்தத் தொகை சரிப்பட்டு வந்தால்தான் டிக்கெட். ஒரு நோட்டோ எக்ஸெல் தாளோ இருந்தால் போதும், ஒரு மணி நேர வேலை.

படி 1: மொத்தத் தொகையை எழுதுங்கள், பத்தில் ஒரு பங்கை உடனே கழியுங்கள்

திரும்பி வந்த மாதம் வாடகையும் தவணையும் தடுமாறாமல் எவ்வளவு செலவு செய்ய முடியும்? அதுதான் மொத்தத் தொகை. கணக்கு எளிதாக இருக்க 1,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், விகிதம்தான் முக்கியம்.

அதிலிருந்து 100-ஐ முதல் வேலையாகக் கழித்து, தனி வரியில் "தொடக்கூடாது" என்று எழுதுங்கள். தவறவிட்ட ரயில், மருந்து, உடைந்த பெட்டி ஆகியவற்றுக்கான பணம் அது. கடைசியில் மிச்சமிருப்பதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒன்றும் மிஞ்சாது. கணக்கில் இனி இருப்பது 900.

படி 2: நாளை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள்

"ஏழு நாள்" என்பது எப்போதும் ஏழு நாளாக இருப்பதில்லை. ராத்திரி விமானம் ஏறி மறுநாள் காலை இறங்கினால் ஒரு இரவு விமானத்திலேயே போய்விடும். அறை வாடகை ஐந்து அல்லது ஆறு இரவுக்குத்தான். டிக்கெட்டில் வந்துசேரும் தேதியைப் பாருங்கள். மறுநாள் தேதி என்பதைக் கவனிக்காமல், ஆளே இல்லாத ஒரு இரவுக்கு அறை எடுத்துப் பணம் கட்டியவர்கள் உண்டு.

இன்னொன்று, பெரும்பாலான ஹோட்டல்களில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். காலை ஆறு மணிக்கு இறங்குகிறவர் எட்டு மணி நேரம் வெளியில் கழிக்க வேண்டும். தூக்கமும் பசியுமாக, ஊர் தெரியாமல் கழிக்கும் அந்த எட்டு மணி நேரம்தான் பயணத்திலேயே விலை கூடிய நேரம் என்பது என் அனுபவம். பேருந்து நிறுத்தம் தேடப் பொறுமை இருக்காது, டாக்ஸி பிடிப்போம். கண்ணில் பட்ட முதல் கடையில் உட்காருவோம். கடைசி நாளும் இப்படித்தான். இந்த இரண்டு நாளுக்கும் மற்ற நாளைவிடக் கூடுதலாக ஒதுக்குங்கள். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போவது எப்படி என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, போக வர ஆகும் தொகையைத் தனி வரியாக எழுதுங்கள்.

படி 3: கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடும் செலவுகள்

விமான டிக்கெட்டில் முதலில் தெரியும் விலையை நம்ப வேண்டாம். குறைந்த கட்டண விமானங்களில் பெட்டிக்கு, இருக்கைத் தேர்வுக்கு, சாப்பாட்டுக்கு என்று தனித்தனியாகப் பணம் கேட்பார்கள். பெட்டிக்கு இணையத்தில் முன்கூட்டியே கட்டுவதைவிட விமான நிலையத்தில் கட்டுவது பெரும்பாலும் அதிகம். பணம் கட்டும் கடைசிப் பக்கம் வரை போய், அங்கே தெரியும் தொகையை எழுதுங்கள்.

விசா என்றால் தூதரகக் கட்டணம் மட்டுமல்ல. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், புகைப்படம், நேரில் போய்வரும் செலவு எல்லாம் சேரும். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் பொதுவாகத் திரும்பி வராது. அதனால் விசா கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பத் தரும் அறையாகப் பார்த்துப் பதிவு செய்வது நல்லது, வாடகை கொஞ்சம் கூடினாலும். பாஸ்போர்ட் பயணத் தேதிக்குப் பிறகும் ஆறு மாதமாவது செல்லுமா என்று இப்போதே பாருங்கள். பல நாடுகள் இதைக் கேட்கின்றன, அவசரமாகப் புதுப்பிக்கும் செலவு கணக்கில் இருக்காது.

பயணக் காப்பீடு சில இடங்களுக்குக் கட்டாயம். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கேட்கிறார்கள். கட்டாயம் இல்லாத நாட்டுக்குப் போனாலும் எடுத்துவிடுங்கள். டிக்கெட் எடுத்த கையோடு எடுப்பது நல்லது. பயணம் ரத்தானால் இழப்பீடு தரும் பாலிசியில் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் பாலிசி எடுத்த நாளிலிருந்தே தொடங்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் எடுத்தால் அந்தப் பலன் வீண்.

அப்புறம், சுற்றுலா வரி. அறை பதிவு செய்யும் தளத்தில் இது சின்ன எழுத்தில், "ஹோட்டலில் நேரடியாகச் செலுத்த வேண்டும்" என்று கிடக்கும். ஆம்ஸ்டர்டாமில் 2024-ல் இதை அறை வாடகையில் 12.5 விழுக்காடாக உயர்த்தினார்கள். பூட்டான் இந்தியர் அல்லாத பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளிடம் ஓர் இரவுக்கு 100 டாலர் வாங்குகிறது. ஆறு இரவுக்கு அது எவ்வளவு ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

படி 4: இப்போது வகுத்துப் பாருங்கள்

நம் 1,000-ஐ வைத்து ஒரு மாதிரிக் கணக்கு:

மொத்தம்: 1,000
தொடக்கூடாத பணம்: 100
விமானம், பெட்டியோடு: 350
விசா, காப்பீடு: 70
அடாப்டர், இ-சிம், நம் ஊர் விமான நிலையம் போய்வர: 40
அறை, ஆறு இரவு × 35: 210
சுற்றுலா வரி: 20
அங்கே விமான நிலையம் – ஹோட்டல், இரு வழி: 20
முன்பதிவு செய்யும் நுழைவுச் சீட்டுகள்: 50
மிச்சம்: 140

ஏழு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 20. சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, தண்ணீர் பாட்டில், ஊருக்கு வாங்கும் சாமான் எல்லாம் இதற்குள்தான். 1,000 கையில் இருப்பதாக நினைத்தோம், உண்மையில் அங்கே போய் நம் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடிவது 140.

இந்த 20 போதுமா? போகும் ஊரின் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளின் மெனுவை இணைய வரைபடத்தில் பயணிகள் போடும் படங்களில் பாருங்கள். பழைய படமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் போக்குவரத்துக் கழகத்தின் தளத்தில் ஒரு நாள் டிக்கெட் விலை இருக்கும். இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு சிற்றுண்டி, ஒரு நாள் டிக்கெட். இந்த நான்கும் 20-க்குள் அடங்கினால் டிக்கெட் எடுக்கலாம்.

படி 5: அடங்கவில்லையா?

உடனே சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். தாளில் அது எளிதாகத் தெரியும். மூன்றாம் நாள் கால் வலியோடு நிற்கும்போது அந்தத் திட்டம் உடைந்துவிடும்.

ஒரு நாளைக் குறைத்துப் பாருங்கள். ஓர் இரவு வாடகையும் வரியும் சேர்ந்து சுமார் 38 மிச்சமாகும். கையிருப்பு 178, அதை ஆறு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 30. ஒரே ஒரு நாளை விட்டதற்கு நாள்செலவு 20-லிருந்து 30-க்கு வருகிறது. ஏழு நாள் இழுத்துப்பிடித்து இருப்பதைவிட ஆறு நாள் நிம்மதியாக இருப்பதே எனக்குப் பிடிக்கும்.

முழு வாரமும் வேண்டும் என்றால் அறை வாடகையை 28-க்கு இறக்கிப் பாருங்கள். 42 மிச்சம், நாளுக்கு 26. ஆனால் அறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஊருக்கு வெளியே இருந்தால், போக வர நாளுக்கு இரண்டு பேருந்து டிக்கெட். டிக்கெட் 4 என்றால் நாளுக்கு 8 போகும், வாடகையில் மிச்சம் பிடித்தது 7.

"பாஸ்" எடுத்தால் மலிவு என்று பொதுவாகச் சொல்வதையும் கணக்குப் போடாமல் நம்பாதீர்கள். ஜப்பானின் ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய்வர மட்டும் என்றால் தனி டிக்கெட் ஏறக்குறைய 28,000 யென்தான். பழைய வலைப்பதிவுகளில் இன்னமும் "முதல் வேலையாகப் பாஸ் வாங்குங்கள்" என்றே இருக்கும்.

படி 6: பணத்தை எப்படிக் கொண்டுபோவது

ஒரே கார்டை நம்பிப் போகாதீர்கள். இரண்டு கார்டு, இரண்டு வேறு பைகளில், கூடவே முதல் நாளுக்குப் போதுமான ரொக்கம்.

ரொக்கம் மாற்றும் இடத்தில் "கமிஷன் இல்லை" என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். வாங்கும் விலை, விற்கும் விலை என்ற இரண்டு எண்ணையும் பாருங்கள். ஒன்று 92, இன்னொன்று 100 என்றால், மாற்றிய பணத்தைத் திரும்ப மாற்றும்போது நூற்றுக்கு எட்டு போய்விடும். கமிஷன் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

கார்டு தேய்க்கும்போது சில இயந்திரங்கள் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா, இந்த நாட்டுப் பணத்திலா?" என்று கேட்கும். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். நம் நாட்டுப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பே தீர்மானிக்கும், அது நமக்கு நல்லதாக இருப்பது அபூர்வம். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் பிடிப்பார்கள் என்பதால் ஏடிஎம்முக்கு ஐந்து முறை போகாமல் இரண்டு முறை போங்கள். கடன் அட்டையில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம், அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று. ஒரு ஹோட்டலில் சாவி கொடுக்கும்போது டெபாசிட்டுக்கு கார்டு கேட்டார்கள், டெபிட் கார்டை நீட்டினேன். மறுநாள் சாயங்காலம் ஒரு கடையில் தண்ணீரும் ரொட்டியும் வாங்கிவிட்டு அதே கார்டைத் தேய்த்தால் "போதிய இருப்பு இல்லை". பின்னால் ஆறு பேர் வரிசையில். டெபாசிட் தொகையைக் கணக்கில் முடக்கி வைத்திருந்தார்கள். செலவே ஆகாத பணம், ஆனால் எனக்கு இல்லை. அறையைக் காலி செய்து இரண்டு வாரம் கழித்துத்தான் அது விடுபட்டது. டெபாசிட்டுக்கும் வாடகைக் காருக்கும் கடன் அட்டையைக் கொடுங்கள், டெபிட் கார்டை அன்றாடச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: அங்கே இருக்கும்போது

ராத்திரி படுக்கும் முன் இரண்டு நிமிடம். செல்போன் குறிப்பில் தேதி, செலவு, மிச்சம் என்று மூன்றே எண். 20-க்கு 14 செலவானால் நாளைக்கு 26, 27 ஆனால் நாளைக்கு 13. எதற்கு எவ்வளவு என்று வகை பிரித்து எழுத ஆரம்பித்தால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள், நான் விட்டேன். டேட்டா ரோமிங்கை விமானத்திலேயே அணைத்துவிடுங்கள்.

படி 8: திரும்பி வந்த பிறகு

கணக்கை உடனே மூடாதீர்கள், மூன்று வாரம் விடுங்கள். ஹோட்டல் டெபாசிட் விடுபட வேண்டும். வெளிநாட்டில் தேய்த்த தொகைகள் சில நாள் கழித்து, வேறு மாற்று விகிதத்தில் வந்து சேரும். வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி வரியாக விழும். எல்லாம் வந்த பிறகு "தொடக்கூடாது" வரிக்குப் போங்கள். அந்த 100-ல் எவ்வளவு மிச்சமோ, அதுதான் அடுத்த பயணத் தாளின் முதல் வரி.